மூக்கைத் தூக்காமல் மேலே ஏறுவது எப்படி

பக்கத்தில் உட்கார்ந்து யாருக்காவது கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு என் தொழிலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. விமானத்தை ஓரங்கட்டி நிறுத்தித் திட்ட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தேன். பாடம் தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில். பறப்பது, இரண்டு பேர் தோள் இடித்துக்கொண்டு உட்காரும் விமானத்தில். என்னிடம் படித்தவர்களில் சுமதி ஒருத்தி. சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா சேலை வியாபாரி. அவர்கள் சொந்தத்தில் அதுவரை யாரும் பயணியாகக்கூட விமானம் ஏறியதில்லை.

மூக்கும் முள்ளும்

மேலே ஏற வேண்டுமென்றால் மூக்கைத் தூக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நல்ல உயரத்தில் வைத்து, "இன்னும் கொஞ்சம் ஏறு" என்றேன். சுமதி கைப்பிடியை நெஞ்சுவரை இழுத்தாள். மூக்கு வானத்தைப் பார்த்தது. வேகம் குறைந்தது. ஏற்றத்தைக் காட்டும் முள்ளோ சோர்ந்துபோய்க் கீழே வந்தது. அவள் இன்னும் இழுத்தாள். இறக்கை இனித் தாங்காது என்று எச்சரிக்கும் ஊதல் அலற ஆரம்பித்தது.

"மூக்கை இறக்கும்மா! இப்படித் தூக்கினா இன்ஜின் பலமெல்லாம் காத்தோட மல்லுக்கட்டவே சரியாப் போகும். ஏற மிச்சம் இருக்காது."

மனசே இல்லாமல் இறக்கினாள். வேகம் கூடியது, முள் எழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சார், ஏறுறதுக்கு இறக்கச் சொல்றீங்க. எங்கப்பாட்ட இதச் சொன்னா, நாளைக்கே வேற வாத்தியாரப் பாக்கச் சொல்லுவாரு."

மெதுவாகப் போகும் செலவு

உயரம் மாறாமல் பறக்கும்போது, ஒரு அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் இன்ஜினுக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னபோது சுமதி ஒத்துக்கொள்ளவே இல்லை. "மெதுவாப் போனா என் மொபெட் பெட்ரோல் குடிக்காது சார்" என்று சாதித்தாள்.

மறுநாள் காலை நாகமலை புதுக்கோட்டைக்கு மேலே, அவளையே செய்து பார்க்கச் சொன்னேன். வேகத்தைக் குறைத்தாள். உயரம் போகாமலிருக்க மூக்கைத் தூக்கினாள். தூக்கத் தூக்க இழுவை கூடி, உயரம் கரைய ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் இன்ஜினை முடுக்கினாள். சத்தம் காதைப் பிளந்தது, கீழே பல்கலைக்கழகக் கட்டடங்கள் மட்டும் நகருவேனா என்றன. அவள் சிரித்துவிட்டாள்: "மொபெட்ட ரோடு தாங்குது சார். இதுக்கு வேகந்தான் ரோடு!"

சித்திரை வெயில்

ஒரு மதியம் என்னோடு பறந்துவிட்டுக் கோபமாக இறங்கினாள். காலையில் துள்ளி ஏறிய விமானம் இப்போது ஏற மறுக்கிறதாம், இன்ஜினில் கோளாறாம். மெக்கானிக் ராஜாமணி மூடியைக் கழற்றிப் பொறுமையாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. வெயிலில் காற்று லேசாகிவிடும். இன்ஜினுக்கும் வலு குறையும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். ராஜாமணி என் தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இந்த வெயில்ல காத்துக்கே கிறுகிறுன்னு வருது. அது அம்புட்டையும் எப்படித் தூக்கும்?"

நான் இறங்கிய நாள்

சுமதி முதன்முதலாகத் தனியே பறக்க வேண்டிய காலை. வேலியோரம் அவள் அப்பா நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இன்று அவள் தடுமாறினால் பறப்பது இதோடு சரி என்று வீட்டில் பேச்சு.

நான் இறங்கிக்கொண்டேன். என் பாரம் போனதும் விமானம் பட்டமாக ஏறியது. அழகாகச் சுற்றி வந்து, ஓடுபாதையைத் தொடப் போகும் நேரத்தில் குறுக்கே இரண்டு நாய்கள் ஓடின. தரைக்குப் பக்கத்தில், குறைந்த வேகத்தில், பயந்துபோய் மூக்கை இழுத்தால் தீர்ந்தது கதை. இன்ஜின் முழுப் பலத்தோடு உறுமியது. ஆனால் மூக்கு எழவில்லை. நாய்களுக்கு மேலே மட்டமாகப் போனாள். வேகம் சேரும்வரை காத்திருந்தாள். அப்புறம் நிதானமாக ஏறினாள்.

"ஏன் சார் இறங்கல?" அப்பா வேலியை விட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"இதைவிட நல்லா என்னாலயும் செஞ்சிருக்க முடியாதுய்யா" என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அவள் மறுபடி சுற்றி வருவதற்குள் மனிதர் விறுவிறுவென்று எஸ்டிடி பூத்துக்குப் போனார். வீட்டுக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சத்தமாகச் சொன்னார். திரும்பி வந்து எனக்காகத் தமிழில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாம்னுட்டேன் சார். பொண்ணு மேல இருக்கா, இப்போதைக்கு இறங்க மாட்டான்னு சொல்லிட்டேன்."

எத்தனையோ பேருக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் நன்றாகப் பறக்க நான் செய்த பெரிய உதவி என்னவோ கதவைத் திறந்து இறங்கிப் போனதுதான்.