துணி சுற்றிய தூக்குச்சட்டி

ஒரு பூநாரையையாவது காட்டிவிட வேண்டும் என்றுதான் இன்று மகளை எண்ணூர் கழிமுகத்துக்குக் கூட்டிப்போனேன். அனல்மின் நிலையம் கொட்டிய ஈரச்சாம்பலின் நாற்றத்துக்கு அடியிலிருந்து பழைய சேற்றுவாசனை லேசாக எழுந்ததும், ஞாயிறுதோறும் அப்பா, அம்மாவோடு உப்பளக் கரையில் குந்தி, பூநாரைக் கூட்டம் வளைந்த அலகால் தண்ணீரை அளைவதைப் பார்த்தபடி பேச்சில்லாமல் புளிச்சோறு தின்றது நினைவுக்கு வந்தது. கூச்சக்காரனான எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். மூடி சத்தம் கேட்டால் பறவைகள் எழும்பிவிடும் என்று அம்மா தூக்குச்சட்டிக்குத் துணி சுற்றுவாள். இன்று நானும் சுற்றியிருந்தேன்.

"சட்டிக்கு இன்னா நைனா, ஜொரமா? போத்தி இட்டாந்துகீற?"

"மெதுவா பேசும்மா, பறந்துடும்."

கரையெல்லாம் சாம்பல். வெகுநேரம் பார்த்துவிட்டு, மகள் துணியை அவிழ்த்து மூடியை ஓங்கித் தட்டினாள். சத்தம் அக்கரை வரை போனது. ஒன்றும் எழும்பவில்லை.