சீசன் முழுவதும் பதிவு செய்யவா?

காலையில் கடையைத் திறக்கும் முன்பே போன் வந்துவிட்டது. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் பரமசிவம் அண்ணாச்சி.

“தங்கச்சி, நம்ம பொட்டிக்குள்ள ஏதோ சண்டை நடக்குது. நேத்து சாயந்திரம் செவப்புல கான்ஃப்ளிக்ட்னு எழுதி வந்துச்சு. ஒண்ணு வந்து தீத்து வையி, இல்லேன்னா தூக்கிட்டுப் போயிரு.”

“கூட வேற என்ன எழுதியிருந்துச்சு அண்ணாச்சி?”

“அதை யாரு வாசிச்சா? கீழ ஓக்கேன்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன். போயிருச்சு.”

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஓக்கேயை அமுக்கிவிட்டு என்னைக் கூப்பிடாத வாடிக்கையாளரை இன்னும் நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக அந்தப் பொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் மீடியா கம்ப்யூட்டர் அது. துபாய்க்குப் போகும் முன் அண்ணாச்சியின் மருமகன் கட்டிக் கொடுத்தது. உள்ளே இரண்டு ட்யூனர். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்கும். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சி பதியலாம். மூன்றாவது வந்தால் ஏதாவது ஒன்று வெளியே நிற்க வேண்டும். அதைத்தான் பொட்டி கான்ஃப்ளிக்ட் என்கிறது.

மாடியில் வீடு, கீழே லாட்ஜ். மாடியில் அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடும் சண்முகத்தாய், பதிந்த சீரியல்களைப் பார்ப்பார். கீழே வரவேற்பு ஹாலில் உள்ள டிவிக்கும் அதே பொட்டியிலிருந்து ஒயர் போகிறது. தினமும் அதிகாலையில் உள்ளூர் கேபிள் சேனலில் அருவிச் செய்தி வரும். எந்த அருவியில் தண்ணீர் எப்படி, எங்கே குளிக்கலாம், எங்கே தடை என்று ஒரு பெண் வாசிப்பார். பொட்டி அதைப் பதிந்து, கடைசியாகப் பதிந்ததை ஹால் டிவியில் திரும்பத் திரும்ப ஓட்டும். தங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுப்பார்கள்.

அன்று தென்காசியில் வெறும் சாரல்தான். ஆனால் மலை கன்னங்கரேலென்று இருந்தது. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் வழியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் பாலத்தை ஒட்டிப் போனது. “யாரும் உள்ள வராதீங்க, பிள்ளைகளைப் பிடிச்சுக்கிடுங்க” என்று மைக்கில் போலீஸ்காரர் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்.

லாட்ஜுக்குள் நுழைந்தால், ஹால் டிவியில் அந்தப் பெண் சிரித்த முகமாகச் சொல்கிறார்: “இன்று அனைத்து அருவிகளிலும் தண்ணீர் சீராக விழுகிறது. சுற்றுலாப் பயணிகள் குளிக்க அனுமதிக்கப்பட்டுள்ளனர்.”

எனக்கு உடனே உறைக்கவில்லை. மலையில் திடீரென்று மழை வலுத்திருக்கும், செய்திக்குப் பிறகு தடை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே மாடிக்குப் போனேன்.

மதினி காபியோடு வந்தார். “நல்லாத்தானே இருக்கு. காலைல எஞ்சீரியல் ஒரு பொட்டு குறையாம பதிஞ்சிருக்கு. இவுகதான் சண்டை சண்டைன்னு கெடந்து பறக்குதாக.”

“புதுசா ஏதும் சேத்தீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஆமா. வாரவுகளுக்குக் காலைல சாமி பாட்டு கேட்டா நல்லாருக்கும்லா? ஒரு பக்திப் பாட்டு நிகழ்ச்சி. பெறவு இவ சீரியலு, மறு ஒளிபரப்பு காலைலதான் போடுதான். ரெண்டையும் நேத்து சேத்தேன். பொட்டியே நல்லாக் கேட்டுச்சு தங்கச்சி, சீசன் முழுக்க ரெக்கார்ட் பண்ணவான்னு. பண்ணுலேன்னு அமுக்கினேன். சீசன்லதானே நமக்கு ஆளு வருது?”

சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகத்துக்கெல்லாம் டிவியில் சீசன் என்றால் ஒரு தொடரின் பாகம். குற்றாலத்துக்காரருக்கு ஒரே சீசன்தான். சாரல் விழுந்து, அருவி கொட்டி, லாட்ஜ் நிறையும் சீசன். பொட்டிக்கு அது எப்படித் தெரியும்? சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு தொடர்களையும் தினமும் பதிய வைத்துவிட்டது. அந்த மென்பொருளில் புதிதாகச் சேர்த்தது வரிசையில் மேலே போய் உட்காரும்.

சிரித்துக்கொண்டே திரையில் பதிவுப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். பக்திப் பாட்டு, பதிந்தது. சீரியல், பதிந்தது. மூன்றாவதாக, அதே நேரத்தில் வரும் அருவிச் செய்தி. பக்கத்தில் சிவப்பில், பதியவில்லை.

கீழே அந்தப் பெண் ‘இன்று’ என்று சொல்லிக்கொண்டிருந்தது நேற்றைய செய்தி. இன்றைக்குப் பதியாததால், கடைசியாகக் கையில் இருந்ததைப் பொட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது.

“அண்ணாச்சி, கீழ ஓடுறது நேத்து நியூஸ். மெயின் அருவியில வெள்ளம். கயிறு கட்டிட்டாங்க. யாரும் குளிக்கப் போயிருக்காங்களா?”

அண்ணாச்சிக்குப் பேயறைந்த முகம். விடிந்ததிலிருந்து ஆட்களுக்கு அறை கொடுப்பதிலேயே நின்றவர், வாசலைத் தாண்டவில்லை.

“அந்தத் திண்டுக்கல் குடும்பம்… இப்பத்தான் போனாக. அருவியில கூட்டமா இருக்கும், ஆறு திரும்புத எடத்துல பாறை இருக்கு, அங்கன பிள்ளைகளோட குளிங்கன்னு நான்தான் வழி சொன்னேன். எம்மா, அங்கன போலீசும் நிக்க மாட்டானே!”

என் ஸ்கூட்டரிலேயே பின்னால் ஏறிக்கொண்டார். அவர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. வழியெல்லாம் முருகா முருகா என்ற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. இத்தனை வருட சர்வீஸில் ஹார்ட் டிஸ்க் போயிருக்கிறது, டேட்டா போயிருக்கிறது. ஓர் உயிர் போகும் என்று நான் நினைத்ததே கிடையாது.

போய்ப் பார்த்தால், அந்தப் பாறையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் முழங்கால் தண்ணீரில். தண்ணீர் கலங்க ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி வேட்டியோடு இறங்கிவிட்டார்.

“ஏய், வெளிய வாங்க! பிள்ளையத் தூக்குய்யா! தூக்கு!”

அந்த மனிதருக்குக் கோபம். “எதுக்குங்க இப்படிச் சத்தம் போடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டேதான் சின்னவனைத் தூக்கினார். பெரியவளை நான் கையைப் பிடித்து இழுத்தேன். கரையேறி மூச்சு வாங்கித் திரும்பினோம். மேலே இருந்து ஓர் இரைச்சல். மரக்கிளைகளும் சேறுமாக வந்த தண்ணீர் பாறை மேல் ஏறி, அவர்கள் வைத்திருந்த பையையும் துணிகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பாறை இருந்த இடமே தெரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பெண்பிள்ளை என் கையை விடாமல் கேட்டாள்: “டிவியில இன்னைக்குக் குளிக்கலாம்னு சொன்னாங்களே?”

அவளை என் ஸ்கூட்டரிலேயே ஏற்றி லாட்ஜுக்கு அழைத்து வந்தேன்.

திரும்பி வந்ததும் அருவிச் செய்தியை வரிசையில் முதலில் வைத்தேன். மதினி தானாகவே, “எஞ்சீரியல அழிச்சிரு தாயி” என்றார். அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கே கேபிள் அறுந்தால்? கரண்ட் போனால்? அதனால் இன்னொன்றும் செய்தேன். அன்றைய செய்தி பதியவில்லை என்றால் ஹால் டிவி எதையும் காட்டக் கூடாது, திரை கறுப்பாக நிற்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, நான் கற்றது இதுதான். பழுதான மெஷின் நின்றுபோனால் நமக்கு ஒரு போன் வரும், அவ்வளவுதான். பழுதாகியும் நன்றாக ஓடுவதுபோல் நடிக்கும் மெஷின்தான் ஆளைக் கொல்லும். நின்றுபோகவும் அதற்குச் சொல்லிக்கொடுங்கள்.

போன வாரம் வேறு வேலையாக அந்த லாட்ஜுக்குப் போனேன். ஹால் டிவி கறுப்பாக இருந்தது. தங்க வந்த ஒருவர், “என்னங்க, டிவி ரிப்பேரா?” என்று கேட்டார்.

“இல்ல சார், நல்லாத்தான் இருக்கு,” என்று அண்ணாச்சி செருப்பை மாட்டினார். “அதுக்கு இன்னைக்கு ஒண்ணும் தெரியலேன்னு சொல்லுது. செத்த இருங்க, நான் போய்த் தண்ணியப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்.”