மஞ்சள் நூல் கட்டிய புடவைகள்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையின் சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, சாஃப்ட்வேர் ஆலோசகர் ஒருவர் வந்தார். நரைத்த முடிக்குச் சாயம் பூசாத அம்மா. திங்கள் முதல் வியாழன் வரை கிடங்கில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் எதைச் சொன்னாலும் "அப்புறம்ணே?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கல்யாண வீட்டார் தேர்ந்தெடுத்து, நல்ல நாளில் வாங்கிக்கொள்கிறோம் என்று விட்டுப்போகும் புடவைகளுக்கு நான் மஞ்சள் நூல் கட்டிவைப்பேன். அதை வியாழன் மாலைதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து, "இன்னிக்கே கம்ப்யூட்டர் பில்லை ஆரம்பிச்சுடுங்கம்மா" என்றார்.

"முடியாது சார். நூல் கட்டின புடவையையும் இந்த புரோகிராம் விக்கலாம்னு காட்டி, வேற யாருக்காவது வித்துடும். கல்யாணப் பொண்ணுக்கு யார் பதில் சொல்றது? செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் வேணும்."

"எட்டாவதோட நின்னவன்மா இவன். இவன் பேச்சைக் கேட்டா புரோகிராம் போடுவீங்க?"

"கடை இவருக்குத்தானே சார் தெரியுது?" லேப்டாப்பை மூடினார். "அவசரம்னா வேற ஆளைப் பாருங்க."

முதலாளி என்னை முறைத்தார். இத்தனை வருடமாக அவர் முன்னால் தலையாட்டி மட்டுமே பழகியவன் நான்.

"அந்தம்மா சொல்றதுதான் சரி முதலாளி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை, அந்தப் புடவைகளுக்கு நேராகத் திரையில் மஞ்சள் கோடு இருந்தது. அவர் பெயரைக் கேட்கத்தான் கடைசிவரை என்னைக் கூச்சம் விடவில்லை.