இலக்கமில்லாத எஞ்சின்

கிளிநொச்சியில், போன் திருத்தும் கடையில் ஈயம் உருகும் மணம் வந்ததும் அப்பாவின் மேசை நினைவுக்கு வந்தது. அறுபதுகளில் அவர் இங்கே ஸ்டேஷன் மாஸ்டர். அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எஞ்சினின் இலக்கம் 213. கொண்டுபோன எஞ்சின்தான் திருப்பிக் கொண்டுவரும் என்று நம்பினேன். 213 பலமுறை வந்தது, அம்மா வரவில்லை.

பிறகு அப்பா சீமையிலிருந்து பித்தளைத் துண்டுகள் தருவித்து, மாலைதோறும் ஈயத்தால் ஒட்டி, ஒரு சாண் நீள நீராவி எஞ்சின் செய்தார். கைப்பிடிக் கம்பியைக்கூட விடாமல் பொருத்தினார். கடைசியில் இலக்கம் எழுதத் தொடங்கினார். முதலில் 2.

“213 எண்டு போடாதேங்கோ அப்பா.”

“ஏன் பிள்ளை?”

“அது அம்மாவைக் கொண்டுவராது.”

அப்பா அந்த 2-ஐ விரலால் துடைத்தார். பிறகு எதுவும் எழுதவில்லை.

“அம்மா, உங்கட போன் நம்பரைச் சொல்லுங்கோ,” என்றார் கடைக்காரர் என்னிடம்.

“இருநூற்றுப் பதின்மூன்று,” என்றேன்.