மோகனூர் பண்ணையில் நாலு டப்பா

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மோகனூர் போனேன். ஊர் சுற்றப் போகவில்லை. மோகனூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, ரத்தத்தில் கிருமி ஏறி சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எந்த ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. பண்ணையில் கோழிகளுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா வீட்டுக்காரரான மாமாவிடம் போனில் கேட்டால், "வெள்ளை டப்பா, பச்சை டப்பா" என்கிறார்; அந்த நிறத்தில் எத்தனையோ கம்பெனி டப்பா உண்டு. நேரிலேயே கிளம்பிவிட்டேன்.

காலை 6.40க்கு சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். நாமக்கல் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய், எட்டு மணிக்கு இறங்கியாயிற்று. மோகனூர் இன்னும் பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து பண்ணைக்கு ஆட்டோ நூற்றிருபது.

"பண்ணைக்குங்களா? ஈ மொய்க்கும், வாயத் தொறக்காம வாங்க" என்றார் ஆட்டோக்காரர். சரியாகத்தான் சொன்னார்.

பண்ணையின் மருந்து அலமாரியில் நாலு டப்பா இருந்தது. பெயர்களை எழுதிக்கொண்டேன்.

"ஏனுங்க மாமா, நோவு வந்தாத்தான் இதெல்லாம் குடுப்பீங்களா?"

"நோவு வரட்டும்னு உக்காந்திருக்க முடியுமா மாப்ள? மழை வந்தா ரெண்டு நாளு, வெயில் ஏறுனா ரெண்டு நாளு, தொட்டித் தண்ணில கலந்து உட்ருவோம். இதுல மூணு இப்பக் கேக்கறதில்ல. பழகிப்போச்சு."

இந்தப் 'பழகிப்போச்சு'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தக் கிருமியும் எதற்கும் பழகவில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு பிறவியிலேயே அந்த மருந்துக்குச் சாகாத மாதிரி அமைந்திருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று, இடத்தையும் தீனியையும் அவற்றுக்கே காலி செய்து கொடுக்கிறது. அவை பெருகுகின்றன. கொஞ்ச நாளில் கூட்டம் மொத்தமும் அந்த வம்சமாகிவிடுகிறது.

"முட்டை விடாத கோழியக் கழிச்சுக்கிட்டே இருந்தா கூண்டுல மிஞ்சறது எதுங்க மாமா?"

"விடறதுதான்."

"நாம சாவற கிருமியக் கழிச்சிருக்கோம்."

மாமா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பச்சை டப்பாவ மொத மொதல்ல நீங்கதான மாப்ள கொண்டாந்தீங்க?" என்றார்.

ஆமாம், நான்தான். ஆறு வருஷம் கோழி மருந்து விற்றேன். இந்த வட்டாரத்தில் நான் ஏறி இறங்காத பண்ணை கிடையாது. "பழசு பழகிப்போச்சுங்க, புதுசு போடுங்க" என்று சொல்லியே விற்றேன். எழுத வெட்கமாக இருக்கிறது. மறைத்தால் அதைவிடக் கேவலம்.

அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டுப் பெயர்களை வாசித்தேன். கிருமி பண்ணையிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அந்த நாலு மருந்தின் இனத்தைச் சேர்ந்த ஊசிகளையும் அக்காவுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்களாம். எதுவும் கேட்கவில்லை.

10.30க்குத் திரும்பக் கிளம்பினேன். மோகனூர் வரும்வரை காவிரி வலது பக்கம் நிறைய ஓடியது. நான் சரியாகப் பார்க்கவில்லை.

பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் பேருந்தைப் பிடியுங்கள், வெயிலுக்கு முன் போய்விடலாம். மருந்து அலமாரியைத் திறந்து பார்த்து, நோவில்லாத கோழிக்கு எதற்கு இது என்று சண்டை போடுங்கள். விருந்து கெட்டாலும் பரவாயில்லை, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே போடுங்கள். நான் போட்ட அன்று நேரம் கடந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே அக்கா போய்விட்டாள்.