அன்று மட்டும் வேலை செய்யாத மைக்

ஊரில் அவருக்கு ‘ஹலோ’ என்றுதான் பெயர். மைக்செட் வாடகைக்கு விடுபவர். ஆயுள் முழுக்க அவர் மைக்கில் பேசியதெல்லாம் “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” மட்டும்தான். மற்றதெல்லாம் அடுத்தவர்கள் பேச. ஆனால் தொழில் சுத்தம். அவருடைய செட் பாதியில் மக்கர் பண்ணியதாக ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமையில் அவர் மனைவிக்குத் தலைகால் புரியாது.

நகராட்சி, ஊர்ப் பொது மைதானத்தைத் தனியார் கம்பெனிக்கு விற்பதென்று முடிவு செய்தது. முடிவு செய்துவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டது. அதுதான் முறையாம்! மைக்செட் வழக்கம்போல இவருடையது.

அந்த மைதானத்தில்தான் இவர்களுடைய ஒரே மகள் ஓடிப் பழகினாள். இருபது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மாக்காரி அங்கே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள். அழமாட்டாள், நடப்பாள். நடந்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

கூட்டத்தில் கம்பெனிக்காரர் கடை வரும், வேலை வரும் என்று அளந்துவிட்டார். எதிர்த்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அப்புறம், யாரும் நினைக்காதபடி, அம்மாக்காரி எழுந்து மேடையேறினாள்.

“எம் பொண்ணு ஓடின எடம் இது.”

கத்தியவர்கள் எல்லாரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள்.

“இத வித்துட்டா நான் எங்க போயி அவளப் பாப்பேன்?”

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். நகராட்சித் தலைவர் அதைக் கவனித்தார். மைக்செட்காரரைப் பார்த்து விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். அந்த விரலுக்கு ஆடி ஆடிப் பழகிய கை, யோசிப்பதற்குள் சத்தத்தைக் குறைக்கும் குமிழைத் திருகிவிட்டது. யோசித்த பிறகும் திரும்ப ஏற்றவில்லை. அதுதான் கொடுமை.

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, மைக் வேலை செய்யல. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

பாவி மனுஷன் எழுந்து போனார். ஒயரைப் பிடித்து ஆட்டினார்.

“போச்சு. இப்போ சரியாகாது” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

மைதானத்தைச் சுற்றி இப்போது தகர வேலி. அவள் வேலிக்கு வெளியே ரோட்டோரமாக நடக்கிறாள். இவரும் கூடவே போகிறார். வழியில் யாராவது மைதானப் பேச்சை எடுத்தால் அவளே முந்திக்கொள்வாள்.

“அன்னிக்கு மைக் மட்டும் வேலை செஞ்சிருந்தா எடம் நம்ம கையில இருந்திருக்கும். இவரு என்ன பண்ணுவாரு பாவம், மிஷினுதானே.”