மகளின் டீச்சர் வரைந்த தாடி

சைகோனில் ஆட்சி மாறிய புதிது. என் மகளின் டீச்சர் மெலிந்த வியட்நாம்காரப் பெண். பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோலத் தணிந்துதான் பேசுவார்.

பள்ளியில், வீட்டுச் சுவரில் இருக்கும் தாடிக்காரப் புதுத் தலைவரை வரையச் சொன்னார்களாம். எங்கள் சுவரில் இருந்தது முருகன்தான்; மகள் அவரையே வரைந்துவிட்டாள். பள்ளிக்கு வரும் அதிகாரி பார்த்தால் எங்களை விசாரிப்பார்களே என்று கலங்கிப்போனேன்.

சாயங்காலத் தூறலில் டீச்சர் கனவுபோல வாசலில் வந்து நின்றார்.

"பயப்படாதீங்க ஐயா. தலைவர் மாதிரியே தாடி வரைஞ்சுட்டேன். வேலுல கொடியும் கட்டிட்டேன். அதிகாரி நல்லாருக்குன்னுட்டாரு."

"அது எங்க சாமிம்மா."

"தெரியும். கை கழுவிட்டுத்தான் வரைஞ்சேன்."

தூறலோடு போய்விட்டார். அவருக்காக முருகனிடம் மன்னிப்புக் கேட்பதா, அவரை அனுப்பியதற்கு நன்றி சொல்வதா? கும்பிட்ட கையோடு வெகுநேரம் நின்றேன்.